லே மாரத்தான்: சமவெளியிலிருந்து போய் ஓடியவர்களின் அனுபவம் தேவை

பொருநைக்கரை (திருநெல்வேலி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் லடாக் மாரத்தானில் ஓடலாம் என்று நானும் என் அலுவலக நண்பர் ஒருவரும் எண்ணியிருக்கிறோம். சென்னையிலும் கோவையிலும் ஓடிய பழக்கம் உண்டு. முழு மாரத்தானை ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்குப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் இருவருமே தாமிரபரணிக் கரையில், வியர்வை காயாத காற்றில் ஓடிப் பழகியவர்கள். லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

அங்கே போய்வந்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் பலவற்றைப் படித்துப் பார்த்தேன். பாங்கோங் ஏரியின் நிறத்தைப் பற்றியும் மடாலயங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களே தவிர, ஓடும்போது உடம்பு என்ன பாடுபடும் என்பதைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடிவிட்டு வந்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்னதாகப் போக வேண்டும், முதல் முறை செல்பவர் முழு தூரத்துக்குப் பெயர் கொடுக்கலாமா, மாத்திரை ஏதும் அவசியமா என்பவைதான் முக்கியமாகத் தெரிய வேண்டியவை. அலுவலகத்தில் விடுப்பு குறைவாகத்தான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிகாலை (சென்னை) எழுதியது:

பொருநைக்கரை, நான் அங்கே முழு தூரமும் ஓடியிருக்கிறேன், வேறோர் ஆண்டில் அரை மாரத்தானும் ஓடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மருத்துவ விஷயங்களை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

லே மிகச் சிறிய ஊர். 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை 31,000-ஐ ஒட்டித்தான் இருந்தது. நம்மூர்ப் பெரிய நகரங்களில் மாரத்தான் நடந்தால், ஊரில் பாதிப் பேருக்கு அன்று சாலை ஏன் மறிக்கப்பட்டிருக்கிறது என்பதே தெரியாது. லேயில் அது ஊருக்கே உரிய நிகழ்வு. மலையேற்றப் பயணங்களை நடத்திவந்த லடாக்கியரான செவாங் மோட்டுப் 2012-ல் இதைத் தொடங்கினார். முழு, அரை மாரத்தான்களுடன் 11.2 கி.மீ. ஓட்டமும், கர்துங் லா கணவாயைக் கடக்கும் 72 கி.மீ. ஓட்டமும், அதற்கும் நீண்ட 122 கி.மீ. ஓட்டமும் இன்று நடக்கின்றன. கடைசி இரண்டும் நமக்கானவை அல்ல; அவற்றைப் பற்றி இங்கே பேசிப் பயனில்லை.

பாதையின் அமைப்பில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. லே மேட்டில் இருக்கும் ஊர், சிந்து நதி அதற்குக் கீழே ஓடுகிறது. ஊரிலிருந்து புறப்பட்டுச் சோக்ளம்சர் பக்கமாக நதியை நோக்கி இறங்கி, பள்ளத்தாக்கில் ஓடிவிட்டு, கடைசியில் மறுபடியும் ஊருக்கு ஏறி வர வேண்டும். அதாவது, கால் புதிதாக இருக்கும்போது இறக்கமும், கால் சோர்ந்தபின் ஏற்றமும் வருகின்றன. விடியற்காலைக் குளிரில், இறக்கத்தில், சென்னையில் ஓடும் அதே வேகம் கைக்கு வந்துவிடும். மூச்சும் அவ்வளவாகத் திணறாது. அந்த வேகத்தை நம்பியவர்களைத்தான் பாதிக்கு மேல் சாலையோரக் கற்களில் உட்கார்ந்திருக்கக் கண்டேன். சென்னையில் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுபவர், அங்கே முதல் கிலோமீட்டரிலிருந்தே எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுவது நல்லது என்பது என் கணிப்பு. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிட மூச்சைக் கவனிப்பது மேல். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

ஸ்பிதுக் மடாலயத்தைத் தாண்டி ஊரை நோக்கித் திரும்பும் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. சுற்றியுள்ள மலைகள் பெரியவையாக இருப்பதால், சாலை சமமாகக் கிடப்பதுபோலக் கண் ஏமாற்றும். வெயிலும் அதற்குள் உறைக்கத் தொடங்கியிருக்கும். எனக்கு முன்னால் சென்ற ஒருவர், நூறு எட்டு ஓடுவது, ஐம்பது எட்டு நடப்பது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். சிறிது தூரத்தில் அந்த நூறு அறுபதாகி, அறுபது முப்பதாகி, பிறகு எண்ணுவதற்கே மூச்சு மிச்சமில்லாமல் அவர் நடக்க மட்டுமே செய்தார். தண்ணீர்ப் பந்தலில் பள்ளிச் சீருடையுடன் நின்ற ஒரு சிறுமி, இரு கைகளையும் குவித்து உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களை நீட்டி "ஜூலே" என்றாள். அவளுக்குப் பதில் "ஜூலே" சொல்வதற்கு நான் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

உங்கள் சென்னை நேரத்துடன் ஒரு மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் முழு தூரத்தைப் பற்றி யோசியுங்கள்.

நாடித்துடிப்பு (மதுரை) எழுதியது:

நான் மருத்துவர், ஓடவும் செய்கிறேன். பொதுவான விளக்கத்தை மட்டும் தருகிறேன். உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் அங்கும் 21 விழுக்காடுதான், குறைவது காற்றழுத்தம். லேயின் உயரத்தில் அது கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு என்பதால், நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குச் செய்யும் முதல் காரியம் மூச்சை வேகப்படுத்துவது. அப்படி மூச்சு விரையும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரத்தன்மையே மூச்சை மட்டுப்படுத்தும் தடையாக மாறுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற காரப் பொருளை வெளியேற்றி இந்தத் தடையை நீக்குவதற்குச் சில நாட்கள் ஆகும். முதல் இரண்டு நாட்களில் அடிக்கடி சிறுநீர் போவது இதனால்தான். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இரவில் தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று பிறகு பெருமூச்சாகத் தொடர்வதும், அதனால் திடுக்கிட்டு விழிப்பதும் சாதாரணம்.

இரத்தச் சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு வாரம் முன்னதாகப் போனால் லடாக்கியரைப்போல ஓடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு அங்கே ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். ஒரு வாரம் தங்கினாலும் அதில் பெரிய மாற்றம் இருக்காது. ஒரு வாரம் தங்குவது நோய் வராமல் இருப்பதற்கும், தூக்கமும் பசியும் சீராவதற்கும்தான்.

ஓட்டக்காரர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. நல்ல உடற்தகுதி உயர்மலை நோயைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால், தகுதி உள்ளவர்தான் முதல் நாளே காலணியைக் கட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்க்கிறார். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அசதி ஆகியவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால், விமானத்திலிருந்து இறங்கியதும் "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை. தலைவலி தீரும்வரை இன்னும் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் வலுத்தாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோர்ப்பதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேயில் உள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இத்தகைய நோயாளிகளை ஆண்டு முழுவதும் பார்க்கும் இடம்.

மாத்திரை என்று நீங்கள் கேட்டது அசெட்டசோலமைடு. டயாமாக்ஸ் என்ற பெயரில் பலர் அறிந்திருப்பார்கள். நான் மேலே சொன்ன சிறுநீரக வேலையை அது விரைவுபடுத்துகிறது. வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் இரு வேளை, புறப்படுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பார்கள். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. விரல்நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இரண்டும் மருந்தின் விளைவே. மருந்து போட்டுக்கொண்டால் நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

எல்லைக்காவல் (வேலூர்) எழுதியது:

தம்பி, நான் ராணுவத்தில் இருந்தபோது லேயிலும் அதற்கு மேலேயும் பணியாற்றியவன். மாரத்தான் ஓடியதில்லை. ஆனால் சமவெளியிலிருந்து வரும் ஆட்களை அந்த உயரத்துக்குப் பழக்குவது எப்படி என்பது எங்களுக்கு அன்றாடப் பாடம் என்பதால் எழுதுகிறேன்.

9,000 முதல் 12,000 அடி வரையிலான முதல் கட்டத்துக்கு ராணுவத்தில் ஆறு நாள் ஒதுக்குவார்கள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. முகாமுக்குள் மெதுவாக நடமாடலாம், அவ்வளவுதான். மூன்றாம், நான்காம் நாட்களில் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் வரை மெதுவான நடை, அதுவும் செங்குத்தான ஏற்றம் இல்லாமல். ஐந்தாம், ஆறாம் நாட்களில் ஐந்து கிலோமீட்டர் வரை நடந்து, 300 மீட்டர் அளவுக்கு ஏறலாம். 12,000 அடிக்கு மேலே போவதற்கு இன்னும் நான்கு நாள், 15,000 அடிக்கு மேலே போவதற்கு அதன் பிறகும் நான்கு நாள். விடுப்பில் ஊருக்கு வந்து பத்து நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால், பழைய ஆளாக இருந்தாலும் மறுபடியும் பழக வேண்டும். இருபது வயதில், தினமும் ஓடிக்கொண்டிருக்கும் சிப்பாய்க்கே இந்த விதி.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆறாம் நாள் முடியும்போது ராணுவம் தன் ஆளை ஐந்து கிலோமீட்டர் நடக்கத்தான் விடுகிறது. குறைந்த விடுப்பில் போகும் நீங்கள் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ 42 கிலோமீட்டர் ஓடுவதற்குப் புறப்படுகிறீர்கள். ஓடக் கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு பெரிய காரியத்தில் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஓடப்போகும் பாதையில் இருக்கும் சோக்ளம்சர்தான் 2010 ஆகஸ்டு மேகவெடிப்பில் மிக மோசமாக அடிபட்ட இடம். ஓர் இரவில் வந்த சேற்று வெள்ளத்தில் லே பகுதியில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே ஊர் மாரத்தான் நடத்தியது. அந்தச் சாலையில் கைதட்டி நிற்கும் பெரியவர்களில் வீட்டை இழந்தவர்களும் இருப்பார்கள். முடிந்தால் நின்று ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஓடுங்கள்.

மலைச்சரிவு (கோவை) எழுதியது:

மருத்துவரும் வேலூர் ஐயாவும் சொல்வதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் எல்லாருக்கும் பத்து நாள் விடுப்பு கிடைக்காது என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் ஒரு சனிக்கிழமை புறப்பட்டு அடுத்த திங்கட்கிழமை மேசைக்குத் திரும்பியாக வேண்டும். அவருக்கு "ஒரு வாரம் முன்னதாகப் போ" என்பது அறிவுரையாக இருக்குமே தவிர வழியாக இருக்காது. நான் அப்படித்தான் போனேன். ஐந்து இரவு லேயில் தங்கி, அரை மாரத்தானை நடையும் ஓட்டமுமாக முடித்தேன். தலைவலி முதல் நாள் மட்டும் இருந்தது.

இரண்டு யோசனைகள் எனக்கு உண்டு. விமானத்தில் நேராகப் போய் இறங்குவதற்குப் பதிலாகச் சாலை வழியாகப் போனால், உயரம் படிப்படியாகக் கூடும். இரண்டாவது, இங்கேயே ஊட்டியில் சில வார இறுதிகளில் ஓடிப் பழகலாம்; ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே.

நாடித்துடிப்பு (மதுரை) எழுதியது:

மலைச்சரிவு, நீங்கள் அரை மாரத்தானைத் தேர்ந்தெடுத்து நடையும் கலந்தீர்கள் என்பதால்தான் ஐந்து இரவு போதுமானதாக இருந்தது. அதே ஐந்து இரவில் முழு தூரம் என்றால் என் பதில் வேறாக இருக்கும். குறைந்த விடுப்பில் போகிறவர்கள் அரை மாரத்தானுடன் நிறுத்திக்கொள்வது சரியான வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாலை என்று பொதுவாகச் சொல்வதில் சிக்கல் இருக்கிறது. ஸ்ரீநகர் வழி நல்லது: ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர்; அங்கிருந்து ஸோஜி லா கணவாயைக் கடந்து கார்கிலில் இரவு தங்கினால் 2,700 மீட்டர் அளவில் தூங்குகிறீர்கள்; மறுநாள் 4,100 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவை வண்டியிலேயே கடந்து லேக்கு இறங்குகிறீர்கள். மணாலி வழி அப்படியல்ல. நடுவில் சர்ச்சுவில் தங்குபவர்கள் ஏறத்தாழ 4,300 மீட்டரில், அதாவது லேயைவிட மிக உயரமான இடத்தில், முதல் இரவிலேயே தூங்குகிறார்கள். அதன்பின் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட டங்லங் லாவையும் கடக்க வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டு லே வந்து சேர்பவர்களில் பலர் அந்த வழியில் வந்தவர்களே. அந்த வழியில்தான் போக வேண்டுமென்றால் சர்ச்சுவை விட்டுவிட்டு ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தங்குவது நல்லது.

ஊட்டியில் வார இறுதிகளில் ஓடுவதால் உயரத்துக்கு உடல் பழகாது. இறங்கி வந்த சில நாட்களில் அந்தப் பயன் கரைந்துவிடும். ஆனால் ஏற்றத்தில் நிதானமாக ஓடும் பயிற்சி கிடைக்கும், அதிகாலை சொன்ன அந்தக் கடைசி ஏற்றத்துக்கு அது நிச்சயம் உதவும். அந்தப் பயிற்சியை யாரும் கொடைக்கானலிலோ குன்னூர்ச் சாலையிலோ எங்கு வேண்டுமானாலும் செய்யலாம்.

செம்மண் (புதுச்சேரி) எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் மூச்சைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். எனக்கு அங்கே மூச்சைவிடத் தொண்டைதான் பெரும் பாடாக இருந்தது. புதுச்சேரிக் காற்றில் வளர்ந்தவளுக்கு அந்த வறட்சி புரியவே நாளாயிற்று. வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். உண்மையில் வியர்வை வந்த வேகத்திலேயே உலர்ந்துவிடுகிறது, சட்டையில் உப்புக்கோடு மட்டும் தெரியும். வாயால் மூச்சு வாங்கி ஓடியதில் பத்தாவது கிலோமீட்டருக்குள் குரல் கம்மிவிட்டது. மெல்லிய பருத்தித் துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு ஓடியபின்தான் சற்று ஆறுதல். உதட்டுக்கு வெண்ணெயோ களிம்போ, முகத்துக்கு வெயில் தடுப்புக் களிம்போ இல்லாமல் போகாதீர்கள். கையுறை தொடக்கத்தில் அவசியம், ஒரு மணி நேரத்தில் அது பாரமாகிவிடும்; தூக்கிப் போடக் கூடிய பழையதாக எடுத்துப்போங்கள். ஆனால் சாலையில் எறியாமல் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 88 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால், குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் சரியாக வேகாது. முதல் நாள் ஓர் உணவகத்தில் கிடைத்த சோறு நறுக்கு நறுக்கென்று இருந்தது. அதைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அதைவிடத் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும், கம்பீர் என்ற தடித்த ரொட்டியும் வயிற்றுக்கு நல்லவை. காய்கறித் துக்பா எல்லா இடத்திலும் கிடைக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட அவர்களின் தேநீரை ஓட்டத்துக்கு முதல் நாள் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். முடித்தபின் குடித்தால் அமிர்தம்.

பயண முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர், போய் இறங்கிய மூன்றாம் நாளே கர்துங் லா வழியாக நுப்ரா பள்ளத்தாக்குக்கு வண்டி அமர்த்தியிருந்தார். ஓடப் போகிறவர்கள் என்று சொல்லியும் "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்" என்றுதான் பதில் வந்தது. பணம் போனாலும் போகட்டும் என்று அதை ரத்து செய்தோம். சுற்றிப் பார்ப்பதை எல்லாம் ஓட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று முன்பு பலகை வைத்திருந்தார்கள்; உண்மையான உயரம் அதைவிட எண்ணூறு அடி குறைவு. ஓட்டத்துக்கு முன் நுரையீரலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியப்போவதில்லை.

பெண்கள் தயங்காமல் வரலாம் என்பதற்காக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1996-ல் பாங்காக் மாரத்தானை வென்ற ரிக்ஸின் அங்மோ லடாக்கைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்த ஜிக்மெட் டோல்மாவும் செத்தன் டோல்கரும் மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்களின் முன்வரிசையில் ஓடியவர்கள். அந்த ஊரில் பெண் ஓடுவதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. பாட்டிமார்கள் ஜபமாலை உருட்டிக்கொண்டே கையசைக்கிறார்கள். என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் பள்ளி மாணவிகள். ஆரோவில் மாரத்தானில் நேரமும் பார்ப்பதில்லை, பரிசும் தருவதில்லை. அந்த மனநிலையுடன் லேக்குப் போனால் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கண்மாய் (சிவகங்கை) எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான். வறட்சி மாவட்டம் என்று பெயர்பெற்ற நம் ராமநாதபுரத்தில் பெய்வதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பனி உருகி வரும் நீரை நம்பி வாழும் ஊர் அது. வசந்தத்தில் விதைப்புக்குத் தண்ணீர் போதாமல், குளிர்காலத்திலேயே நீரைப் பனிக்கூம்புகளாக உறையவைத்துச் சேமிக்கும் முயற்சியில் லடாக்கியப் பொறியாளர் சோனம் வாங்சுக் இறங்கியதை எல்லாரும் படித்திருப்பீர்கள். அந்த ஊருக்கு ஆயிரக்கணக்கில் போய், விடுதியில் நாளுக்கு இரண்டு முறை குளித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை வீசிவிட்டு வருவது சரிதானா என்று ஓடப்போகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

அதிகாலை (சென்னை) எழுதியது:

கண்மாய் கேட்பது நியாயமான கேள்வி. ஓட்டக்காரர்களால் மட்டும் வந்த நெருக்கடி அல்ல அது. கோடையில் வரும் சுற்றுலாக் கூட்டத்துக்கு முன் செப்டம்பரில் வரும் ஓட்டக்காரர்கள் சிறு பகுதிதான். இருந்தாலும் நம்மால் செய்யக் கூடியவை உண்டு. லடாக்கிக் குடும்பங்கள் நடத்தும் வீட்டு விடுதிகளில் தங்கலாம். பணமும் ஊருக்குள்ளேயே இருக்கும், அவர்கள் வைத்திருக்கும் உலர் கழிப்பறையில் தண்ணீரும் செலவாகாது. குப்பியை எடுத்துப்போய் நிரப்பிக்கொள்ளலாம். முதல் இரண்டு நாட்கள் குளிக்காமல் இருப்பது உடல்நலத்துக்கும் நல்லது என்று அங்குள்ளவர்களே சொல்வார்கள்.

வழியில் மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவர்களும், சோர்ட்டன் எனப்படும் பௌத்த ஸ்தூபிகளும் வரும். அவற்றை நம் வலப்பக்கத்தில் இருக்கும்படி வைத்துத்தான் கடக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நேரம் மிச்சமாகும் என்று மறுபுறமாகக் குறுக்கே ஓடிய ஒரு நண்பரை, அங்கே நின்ற முதியவர் கோபமே இல்லாமல் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

பொருநைக்கரை (திருநெல்வேலி) எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வேலூர் ஐயா சொன்ன ஆறு நாள் கணக்கைப் படித்தபின் நண்பரும் நானும் மறுபடி உட்கார்ந்து பேசினோம். முழு தூரம் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு அரை மாரத்தானுக்கே பெயர் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நண்பருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். அவ்வளவு செலவு செய்து போய் 21 கிலோமீட்டரா என்று கேட்கிறார். ஸ்ரீநகர் வழியாகப் போய், விமானத்தில் திரும்புவதாக இப்போதைய திட்டம். ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் லேயில் பயிற்சி ஓட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

எல்லைக்காவல் (வேலூர்) எழுதியது:

முதல் இரண்டு நாள் வேண்டவே வேண்டாம், தம்பி. மூன்றாம் நாள் கடைவீதி வரை நடங்கள். நான்காம் நாள் சாந்தி ஸ்தூபிக்குப் படி ஏறிப் பாருங்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள், நின்று நின்று ஏறுங்கள். அதில் தலைவலி வராவிட்டால் மறுநாள் இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அங்கே 21 கிலோமீட்டர் ஓடியபின் செலவைப் பற்றி அவர் கேட்க மாட்டார்.

மலைச்சரிவு (கோவை) எழுதியது:

பயணச்சீட்டு எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். லேக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் போய்வருகின்றன. காற்றோ மேகமோ சரியில்லை என்றால் அன்றைய விமானம் ரத்தாகிவிடும். ஆகவே லேயிலிருந்து டெல்லி வந்து அன்று மாலையே மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ இணைப்பு விமானம் பிடிப்பதுபோலத் திட்டமிடாமல், நடுவில் ஒரு நாள் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளி மாநிலத்து முன்கட்டணக் கைப்பேசி இணைப்புகள் அங்கே வேலை செய்யாது. உங்கள் இருவரில் ஒருவராவது மாதக் கட்டண இணைப்புக்கு மாறிவிட்டால், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம். இணைப்பை மாற்றுவதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதால் ஆகஸ்டிலேயே செய்துவிடுங்கள்.